சர்ச்சுக்கு எதிரா மனு கொடுத்தவர் மனைவிக்கு டயாலிசிஸ். நான் போகலாமா?

பீனா_குலசேகரம்:
எங்க ஊர் குலசேகரம் பக்கம், சிஎஸ்ஐ சபை. பழைய ஓட்டுக் கட்டடத்தை இடிச்சுட்டுப் புதுசு கட்ட கலெக்டர் அனுமதிக்கு எழுதிக் கொடுத்திருக்கோம். அதுக்கு எதிரா ஆள் சேத்து, நாகர்கோவில்ல திங்கக்கிழமை குறைதீர் கூட்டத்துல மனு கொடுத்தது எங்க எதிர்வீட்டு அண்ணன்தான். கட்சியில பொறுப்புல இருக்கார். தேர்தல் சமயத்துல எங்களைப் பத்தி வாட்ஸ்அப்புல அவர் போட்டதை இங்க எழுத முடியாது.

இப்ப அவர் மனைவிக்கு ரெண்டு கிட்னியும் போச்சு. வாரம் மூணு நாள் ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ்ல டயாலிசிஸ். மகன் சவுதியில. அண்ணன் ரப்பர் வெட்டுக்குப் போனாத்தான் கூலி. அந்த அக்கா தனியா ரெண்டு பஸ் மாறிப் போய்ட்டு வர்றாங்க. என் ரெண்டு பிள்ளைங்க பிறந்தப்பவும் வேது வச்சுக் குளிப்பாட்டினவங்க அவங்க.

பெண்கள் ஐக்கியத்துல சொன்னேன். "கடவுள் குடுத்த அடி"ன்னு ஒருத்தி. கமிட்டி அண்ணாச்சி, "நீ சோத்துப் பாத்திரத்தோட போனா நாளைக்கே மதம் மாத்த வந்தாங்கன்னு வீடியோ வரும், அனுமதி அதோட போச்சு"ங்கறார். அதை வெறும் பயம்னு தள்ளவும் முடியல. என்ன செய்ய?

தக்கலைக்காரன்:
தங்கச்சி, ஏமாளி ஆகாதீங்க. மனுவை வாபஸ் வாங்கச் சொல்லுங்க, அப்புறம் சோறு. இவங்களுக்கு நாம இறங்கிப் போனா அது பலவீனமாத்தான் தெரியும். போய்ட்டு வந்த பிறகும் அவர் அதே வாட்ஸ்அப்பைத்தான் போடுவார், பாருங்க.

ரிட்டயர்டு_சிஸ்டர்:
தம்பி, போடுவார்தான். அதுக்கும் அந்தம்மா பஸ்ல போறதுக்கும் என்ன சம்பந்தம்? வாபஸ் வாங்கினா சோறுங்கறது பேரம். பைபிள் கதையில, வழியில அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கிட்டு வந்த நல்ல சமாரியன் சத்திரக்காரன் கையில ரெண்டு பணத்தைக் குடுத்துட்டுக் கிளம்பிட்டான். அடிபட்டவன் எழுந்து எருசலேமுக்குப் போய்ச் சமாரியரைப் பத்தி நல்லதாச் சொன்னானான்னு யாரும் பாக்கல.

பீனா, நான் டயாலிசிஸ் யூனிட்ல இருந்து ரிட்டயர் ஆனவ. கேளும்மா. நாலு மணி நேரம் ஓடும். முடிஞ்சதும் பிரஷர் இறங்கும், தலை சுத்தும். அந்த நேரத்துல பஸ் ஸ்டாண்டுல நிக்கறதுதான் ஆபத்து. அதனால சோத்தை விட முதல்ல தேவை திரும்பி வரும்போது கூட ஒரு ஆள். ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி குத்தறதுக்காக ரத்தக்குழாயைச் சேத்து வச்சிருக்கற இடம்) போட்ட கையில பை தூக்க விடாதே, அந்தக் கையைப் பிடிச்சு இழுக்காதே. ஊசி குத்தின இடத்துல திரும்ப ரத்தம் கசிஞ்சா விரலால அழுத்திப் பிடிச்சுக்கிட்டு உடனே யூனிட்டுக்குத் திரும்பு.

ஆஸ்பத்திரிக்குப் போறோம்னு இளநீரும் ஆரஞ்சும் ஏத்தன் பழமும் வாங்கிட்டுப் போற ஊரு நம்ம ஊரு. மூணும் வேண்டாம், பொட்டாசியம் ஜாஸ்தி, கெட்டுப்போன கிட்னியால அதை வெளியேத்த முடியாது. மரச்சீனியும் வேண்டாம். காய்கறியைச் சின்னதா நறுக்கி, நிறையத் தண்ணியில வேகவச்சு, அந்தத் தண்ணியைக் கொட்டிட்டுச் செய். காப்பீட்டு அட்டை எடுத்திருக்காங்களான்னும் கேட்டுக்கோ.

ஜெபம் பண்ணணும்னா உன் வீட்டுல பண்ணு. அங்கே அவங்களாக் கேட்டா ஒழிய வேண்டாம். போட்டோ கூடவே கூடாது. ஞாயித்துக்கிழமை அறிவிப்புல "நம் சகோதரி செய்த ஊழியம்"னு போதகர் வாசிச்சார்னா அன்னைக்கே எல்லாம் கெட்டுது, முன்னாடியே சொல்லி வை.

கட்டட விஷயம் கமிட்டியோட வேலை, அது நடக்கட்டும். நீ போனதுக்காக யாரும் அதைக் கைவிட வேண்டியதில்ல. 1999 ஜனவரியில ஒடிசா மனோகர்பூர்ல, தொழுநோயாளிகளுக்கு ஊழியம் செஞ்ச ஆஸ்திரேலிய மிஷனரி கிரகாம் ஸ்டெயின்ஸையும், பிலிப், திமோத்தின்னு ரெண்டு பிள்ளைங்களையும் ஜீப்போட வச்சு எரிச்சாங்க. அவர் மனைவி கிளாடிஸ் அம்மா மன்னிச்சேன்னாங்க, பாரிபதாவுல தொழுநோயாளிகள் கூடவே இன்னும் சில வருஷம் இருந்தாங்க. அதுக்காகக் கேஸ் நிக்கல. முக்கியக் குற்றவாளி தாரா சிங்குக்கு 2003-ல தூக்கு, 2005-ல ஐகோர்ட் ஆயுளாக் குறைச்சது, 2011-ல சுப்ரீம் கோர்ட் அதையே உறுதி பண்ணுச்சு. அவ்வளவு பெரிய காரியத்துலயே ரெண்டும் தனித்தனியா நடந்திருக்கு. உங்க ஊர் மனு எம்மாத்திரம்!

குளச்சல்_காத்து:
நான் இந்து. உள்ளே வரலாம்னா ஒரு வார்த்தை.

2004 சுனாமிக்கப்புறம் எங்களுக்குப் பொங்கிப் போட்டது ஒரு சர்ச் வளாகத்துலதான். யாரும் பேர்கூடக் கேக்கல. அந்தக் கன்னியாஸ்திரி அம்மாக்களை எங்க வீட்டுல இன்னிக்கும் பேசுவாங்க. பின்னாடி வேற ஒரு குழு அரிசிப் பை குடுத்தாங்க, உள்ளே ஒரு கைப்பிரதி. அப்பா அரிசியை டப்பாவுல கொட்டிட்டு, பிரதியை மடிச்சு ஓட்டு இடுக்குல சொருகினார். கோபமெல்லாம் இல்ல. ஆனா அதே ஆளுங்க அடுத்த மாசம் வந்தப்போ உக்காருங்கன்னு சொல்லல.

82-ல மண்டைக்காட்டுல இந்து-கிறிஸ்தவக் கலவரம் துப்பாக்கிச் சூடு வரைக்கும் போன மாவட்டம் இது. அப்போ குன்றக்குடி அடிகளார், காவி கட்டின சைவ மடாதிபதி, வந்து ரெண்டு தரப்போடயும் பேசினார். ரெண்டு பக்கமும் அவரை உள்ளே விட்டாங்கங்கறதை நம்ம ஊர்க்காரங்க மறந்துட்டோம்.

அக்காவுக்கு என் யோசனை ஒண்ணுதான்: பின்வாசல் வழியா அந்தம்மாகிட்ட மட்டும் போகாதீங்க. அண்ணன் இருக்கும்போது முன்வாசல்ல நின்னு அவர்கிட்டயே கேளுங்க. வேண்டாம்னா வேண்டாம், அது அவர் வீடு.

தக்கலைக்காரன்:
கைப்பிரதி விஷயம் ஒத்துக்கறேன். மத்ததுல என் கருத்து மாறல.

பீனா_குலசேகரம்:
சாயங்காலம் போய்க் கேட்டேன். அவர் ஷீட் அடுக்கிட்டிருந்தார், தலை நிமிரல. "வியாழக்கிழமை மட்டும். அன்னைக்குத்தான் எனக்குத் தோதுப்படல"ன்னார். மனுவைப் பத்தி அவரும் பேசல, நானும் பேசல. எங்க வீட்டுக்காரர் ஆட்டோவுலயே கூட்டிட்டுப் போறேன்னுட்டார். கமிட்டி அண்ணாச்சிகிட்ட நாளைக்குச் சொல்லணும், அதுதான் பயமா இருக்கு.

சிஸ்டர், அக்காவுக்கு மீன்னா உயிர். குடுக்கலாமா?

ரிட்டயர்டு_சிஸ்டர்:
தாராளமா. டயாலிசிஸ்ல புரதம் போகும், அதனால மீனும் முட்டை வெள்ளையும் வேணும். அளவு அவங்க டாக்டர் எழுதினபடி. கருவாடு மட்டும் கூடாது. குழம்பு, ஒரு நாளைக்கு இவ்வளவுதான் குடிக்கலாம்கற தண்ணிக் கணக்குல வந்துடும், அதனால துண்டாப் பொரிச்சுக் குடு. உப்பு கம்மி. கடையில சோடியம் குறைஞ்ச உப்புன்னு ஒண்ணு விக்கறான், அதைத் தொட்டுடாதே, அதுல இருக்கறது பொட்டாசியம்.