‘ஃபைட்டிங் வேர்ட்ஸ்’: வலுச்சண்டைச் சொல்?

அன்பு நண்பர்களுக்கு,

அமெரிக்கச் சட்டத்தில் பேச்சுரிமைக் காப்பு பெறாத, எதிரே நிற்பவரை உடனடி அடிதடிக்கு இழுக்கும் சொல்லை ‘ஃபைட்டிங் வேர்ட்ஸ்’ (fighting words) என்பார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் பேச்சின் தொடர்ச்சி இது.

> ‘சண்டைச் சொற்கள்’ என்றே வைத்துவிடலாமே, நேராகப் புரிகிறது.

புரிகிறது ஐயா, ஆனால் குழாயடித் திட்டெல்லாம் அதில் அடங்கிவிடும். ‘ஆத்திரமூட்டும் பேச்சு’ இன்னும் ஆபத்து. கேட்டவருக்கு ஆத்திரம் வந்தது என்பதற்காக மட்டும் யாரையும் தண்டிக்க முடியாது என்பதே அமெரிக்கச் சட்டத்தின் நிலை. நாம் வைக்கும் பெயர் அதைக் குழப்பக் கூடாது.

1942இல் சாப்ளின்ஸ்கி வழக்கில்தான் இந்தக் கோட்பாடு பிறந்தது. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் ராச்செஸ்டரில் யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த ஒருவர் நகரக் காவல் அதிகாரியை முகத்துக்கு நேரே ‘ஃபாசிஸ்ட்’ என்று திட்டினார். தண்டனையை உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. சொன்ன மாத்திரத்தில் எதிரே நிற்பவரை அடிதடியில் இறக்கிவிடும் சொல்லா என்பதே கேள்வி.

அப்புறம் இந்த வட்டம் சுருங்கிக்கொண்டே வந்தது. கட்டாய ராணுவச் சேவையை வசைச்சொல்லால் சாடிய வாசகம் எழுதிய மேற்சட்டையோடு லாஸ் ஏஞ்சலஸ் நீதிமன்றத் தாழ்வாரத்தில் நடந்தவருக்கு 30 நாள் சிறை. 1971இல் அது ரத்தானது, ஏனென்றால் அந்த வசை எந்தத் தனியாளையும் குறிவைக்கவில்லை. 1984இல் டாலஸில் குடியரசுக் கட்சி மாநாட்டின்போது தேசியக் கொடியை எரித்த ஜான்சனும் 1989இல் 5-4 என்ற கணக்கில் வென்றார். அதைப் பார்த்த எவரும் தன்னையே அவமதித்ததாகவோ கைகலப்புக்கு அழைத்ததாகவோ நியாயமாக எடுத்துக்கொள்ள முடியாது என்றது நீதிமன்றம்.

கைகலப்புக்கு அழைப்பு! இதைத்தானே நம் ஊரில் ‘வலுச்சண்டைக்கு இழுக்கிறான்’ என்கிறோம்? எதிராளி, நேருக்கு நேர், உடனடித் தகராறு மூன்றும் அதில் உண்டு. ஆகவே ‘வலுச்சண்டைச் சொல்’ என் முன்மொழிவு.

---

> வலுச்சண்டைச் சொல்

எனக்குச் சம்மதம். ஆனால் வாயே திறக்காத சைகையை எதில் சேர்ப்பது? நம் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 504ஆம் பிரிவு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 352, அமைதியைக் குலைக்கத் தூண்டும் அவமதிப்பைப் பற்றியதுதான். ‘தூண்டும் அவமதிப்பு’ என்றால் சைகையும் அடங்குமே, அம்மா?

---

அந்தப் பிரிவில் அவமதித்தவரின் நோக்கமும் அறிவும் முக்கியம் ஐயா. அமெரிக்கக் கோட்பாடு எதிராளியிடம் விளையக்கூடிய விளைவைப் பார்க்கிறது. மேலும் சைகை அமெரிக்காவில் பெரும்பாலும் காப்பு பெற்ற பேச்சுதான். மிச்சிகனில் டெய்லர் நகரக் காவலர் வேக மீறலைச் சிறிய குற்றமாகக் குறைத்துச் சீட்டு எழுதினார். ஓட்டிவந்த பெண் கிளம்பும்போது நடுவிரலைக் காட்ட, மறுபடி நிறுத்தி வேக மீறலாகவே மாற்றிவிட்டார். 2019இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தப் பெண் பக்கம் நின்றது. மரியாதைக் குறைவு மட்டுமே குற்றமாகாது என்பதை நாமும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

சரி, எதிர்ப்பைக் காட்டக் கையில் கட்டும் கறுப்புப் பட்டி, கொடி எரிப்பு, விரல் எல்லாவற்றுக்கும் பொதுவாக ‘செய்கைவழிப் பேச்சு’ என்று தனிச்சொல் வைப்போம். அதில் அடிதடிக்கு இழுப்பது மட்டும் ‘வலுச்சண்டைச் சைகை’. ‘தூண்டுதல்’ வேண்டாம். அது கூட்டத்தை உடனடி வன்முறைக்கு ஏவும் பேச்சைப் பற்றிய 1969 பிராண்டன்பர்க் தீர்ப்புக்குத் தேவைப்படும்.