ஃபாஸ்டரின் காலக்குழப்பத்தை ரசிக்கும் நாம் இன்றைய வரலாற்றுப் படங்களை மட்டும் ஏன் கடிந்துகொள்கிறோம்?

கேள்வி: பழந்தாள்

ஹால் ஃபாஸ்டரின் ‘பிரின்ஸ் வேலியண்ட்’ சித்திரத்தொடரை முதலிலிருந்து வரிசையாகப் படித்து வருகிறேன். 1937 பிப்ரவரியில் தொடங்கி, ஞாயிறுதோறும் செய்தித்தாளின் ஒரு முழுப் பக்கத்தை நிறைத்த தொடர் இது. ஆர்தர் மன்னரின் காலம் என்று சொல்லிக்கொண்டே ஹூணர்களையும் ரோமின் வீழ்ச்சியையும் கதைக்குள் கொண்டுவருவதால், நிகழ்காலம் ஏறத்தாழ ஐந்தாம் நூற்றாண்டு என்று கொள்ளலாம். ஆனால் வீரர்கள் அணிந்திருக்கும் தகட்டுக் கவசம் 14, 15ஆம் நூற்றாண்டுகளுக்கு உரியது. அவர்கள் காவல் காக்கும் கற்கோட்டைகளோ 11ஆம் நூற்றாண்டுக்கு முன் பிரிட்டனில் எழும்பியவையே அல்ல. கடற்கொள்ளை வைக்கிங்குகளும் உரிய காலத்துக்கு முந்நூறு ஆண்டுகள் முன்னதாகவே வந்து இறங்கிவிடுகிறார்கள்.

இவை எதுவும் என்னைச் சற்றும் உறுத்தவில்லை. ஆனால் 2023இல் வந்த ‘நெப்போலியன்’ படத்தில் பிரமிடின் உச்சியைப் பீரங்கிக் குண்டு தாக்கியபோது எழுந்து போய்விடலாமா என்று தோன்றியது. அடுத்த ஆண்டு வந்த ‘கிளாடியேட்டர் 2’ படத்தில் கொலோசியத்துக்குள் சுறாக்கள் நீந்தியபோதும் அதே எரிச்சல்தான். ஒரே குற்றத்துக்கு ஒருவருக்கு மன்னிப்பும் இன்னொருவருக்குத் தண்டனையும் வழங்குகிறேனா, அல்லது இரண்டுக்கும் இடையே உண்மையிலேயே வேறுபாடு இருக்கிறதா? பழைய தாளின் மேல் உள்ள மயக்கம் என்று மட்டும் சொல்லித் தட்டிக்கழிக்காமல் நண்பர்கள் விளக்கினால் மகிழ்வேன்.

மறுமொழி 1: வளைகோடு

வேறுபாடு இருக்கிறது என்பதே என் கருத்து. ஆர்தர் கதை பிறந்த நாளிலிருந்தே காலக்குழப்பத்தில் வளர்ந்த கதை. 12ஆம் நூற்றாண்டில் ஜெஃப்ரி ஆஃப் மான்மத் அதை எழுதியபோதும், 1485இல் மாலொரியின் நூல் அச்சேறியபோதும், அவரவர் தம் காலத்து உடையையும் கவசத்தையுமே ஆர்தரின் வீரர்களுக்கு அணிவித்தார்கள். ஃபாஸ்டர் அந்த மரபின் வரிசையில் தாமும் ஒருவராகப் போய் நின்றுகொண்டார். வரலாறு எழுதுவதாக அவர் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. நெப்போலியனின் நிலைமை வேறு. அவர் எந்த நாளில் எங்கே இருந்தார் என்பதற்குப் பெரும்பாலும் எழுத்துச் சான்று உண்டு. 1793 அக்டோபர் 16 அன்று பிரெஞ்சு அரசி மரி அந்துவானெத்தின் தலை வெட்டப்பட்டபோது அவர் பாரிஸில் இல்லை, தெற்கே தூலோன் முற்றுகையில் இருந்தார். படமோ அவரைக் கூட்டத்துக்குள் நிறுத்தி வேடிக்கை பார்க்க வைக்கிறது. பழங்கதையை வளைப்பது ஒன்று, பதிவேட்டை வளைப்பது வேறொன்று.

இன்னொரு காரணமும் உண்டு. என்னைப் பொறுத்தவரை அதுவே பெரியது. ஃபாஸ்டரின் காலம் பொய்யாக இருக்கலாம், பொருள்கள் பொய்யல்ல. கனடாவின் காடுகளில் வேட்டைக்காரர்களுக்கு வழிகாட்டியாகத் திரிந்து, தங்கம் தேடிப் பார்த்து, பிறகு ஓவியம் கற்பதற்காகச் சிகாகோ வரை ஆயிரம் மைல் மிதிவண்டியிலேயே போன மனிதர் அவர். ஈரக் கயிறு எப்படித் தொங்கும், களைத்த குதிரை கழுத்தை எந்த அளவுக்குத் தாழ்த்தும், காற்று திசை மாறினால் பாயை எந்தப் பக்கம் இழுக்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்குக் கைப்பழக்கமாகத் தெரிந்தவை. பேச்சுக் குமிழிகளை அறவே தவிர்த்து, உரையைக் கட்டத்தின் ஓரத்தில் ஒதுக்கி வைத்ததால், படத்துக்குள் கண் தடையின்றி உலவுகிறது. 1937ஆம் ஆண்டுப் பக்கங்களில் வேலியண்ட் வாத்தின் தோலை உரித்து, அதை முகத்தில் இழுத்து மாட்டிக்கொண்டு, கோட்டைக்காரர்களைப் பேயாக வந்து கதிகலங்க வைப்பான் அல்லவா? நடக்கவே முடியாத நிகழ்ச்சிதான். ஆனால் அந்தத் தோல் எப்படி இழுபட்டிருக்கிறது என்று பாருங்கள். அமெரிக்கச் சித்திரக்கதைக் கலைஞர் ஜாக் கிர்பி பல பத்தாண்டுகளுக்குப் பிறகு தம் அரக்க நாயகனுக்கு அந்த முகத்தையே எடுத்துக்கொண்டார்.

மறுமொழி 2: அரங்கிருட்டு

வளைகோடு அவர்களின் முதல் வாதம் நெப்போலியனுக்குப் பொருந்துகிறது, ஒப்புக்கொள்கிறேன். சுறாக்களுக்குப் பொருந்தாது. கொலோசியத்தில் நீர் நிரப்பிக் காட்சிகள் நடத்தியதைப் பழைய ரோமானிய ஆசிரியர்களே எழுதி வைத்திருக்கிறார்கள், கி.பி. 80இல் டைட்டஸ் பேரரசர் அதைத் திறந்து வைத்த விழாவிலேயே அது நடந்திருக்கிறது. இயக்குநர் செய்ததெல்லாம் உண்மையான தண்ணீரில் பொய்யான மீனை விட்டதுதான். உங்கள் ஃபாஸ்டரும் தொடக்கப் பக்கங்களிலேயே பிரிட்டனின் சதுப்பு நிலத்தில் தொல்லுலகப் பெருவிலங்கை உலவவிட்டு, சிறுவன் வேலியண்டை அதனோடு மோதவிட்டவர். சுறாவை அவர் வரைந்திருந்தால் நீங்கள் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருப்பீர்கள்.

பழைய தொடர்களைப் போற்றும்போது அவற்றின் அழுக்கையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அயல் இனத்தவரை, குறிப்பாக ஹூணர்களையும் ஆப்பிரிக்கரையும், அக்காலத்துச் செய்தித்தாள்கள் எந்தக் கண்ணால் பார்த்தனவோ அதே கண்ணால்தான் தொடர்களும் பார்த்தன. ஃபாஸ்டர் அதில் மிக மோசமானவர் அல்லர் என்பதும் விதிவிலக்கும் அல்லர் என்பதும் இரண்டுமே உண்மை.

படங்களின் குறை எங்கே என்று கேட்டால், தவறில் அல்ல, அவசரத்தில் என்பேன். 1793 முதல் 1821 வரையிலான ஒரு வாழ்க்கையை இரண்டரை மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடும் படத்தில் அடைத்தால், ஒவ்வொரு போரும் முந்தைய போரின் தோளில் ஏறி நிற்கிறது. யாரும் யாரையும் நேசிக்கவும் வெறுக்கவும் நேரம் கிடைப்பதில்லை. வேலியண்ட் அலேட்டாவை முதலில் பார்த்தது 1941இல், மணந்துகொண்டது 1946இல். வாசகர் அந்த ஐந்தாண்டுகளை வாரம் வாரமாகவே கடந்தார். உலகப்போர் ஒன்று அதற்குள் நடந்து முடிந்துவிட்டது. கதைக்குள் ஓடிய காலமும் வாசகரின் காலமும் ஒன்றாக நடந்ததுதான் அத்தொடரின் வலிமை. இந்தப் பொறுமை மட்டும் இருந்தால் பிரமிடை நான்கு முறை சுட்டாலும் எனக்குக் கவலையில்லை.

மறுமொழி 3: நீலமை

நேரம்தான் எல்லாம் என்றால், நம் ‘கன்னித்தீவு’ உலகத்தின் தலைசிறந்த சித்திரக்கதையாகிவிட வேண்டும். 1960இல் தொடங்கியது, இன்னும் முடிந்தபாடில்லை. முடிவே தெரியாத எதையும் அதன் பெயரால் கேலி செய்கிறோம். சிந்துபாத்துக்கும் லைலாவுக்கும் தலைமுடி நரைக்கவே இல்லை. ஆகவே நீளம் வேறு, காலம் வேறு. லீ ஃபாக்கின் ‘வேதாளர்’ இதற்கு இடைப்பட்டவர். 1936இல் தொடங்கிய கதையில் அவருடைய காதலி டயானா 1977 வரை திருமணத்துக்குக் காத்திருக்க வேண்டியதாயிற்று. காத்திருந்த சுவடே முகத்தில் இல்லை. வேலியண்ட் மட்டுமே சிறுவனாக வந்து, இளைஞனாகி, கணவனாகி, தந்தையாகி, தன் மகன் ஆர்ன் வாளெடுப்பதையும் நின்று பார்க்கிறான்.

படங்களில் இதற்கு இணையாக எனக்குப் படுவது, ஆர்தரின் வீரர்களுள் ஒருவரான கவேனைப் பற்றி 2021இல் வந்த ‘தி கிரீன் நைட்’. ஃபாஸ்டரின் கவேன் சிரித்த முகத்துக்காரர், பெண்களிடம் எளிதில் மயங்குபவர், வேலியண்டுக்கு ஆசானும் தோழருமானவர். படத்தின் கவேனோ இன்னும் வீரப்பட்டம் பெறாத, அச்சம் விலகாத இளைஞன். 14ஆம் நூற்றாண்டுக் கவிதையில் அவர் ஏற்கெனவே புகழ்பெற்ற வீரர் என்பதால், படம் மூலத்தை மதிக்கவில்லை என்று பலர் குறைபட்டார்கள். எனக்கு அது குறையாகவே தெரியவில்லை. ஓராண்டுக்குப் பின் உன் கழுத்தில் கோடரி விழும் என்று சொல்லப்பட்ட ஒருவனுக்கு அந்த ஆண்டு எப்படிக் கழியும் என்பதைக் காட்ட, படம் வேண்டுமென்றே நடையை மெதுவாக்கிக்கொள்கிறது. சலிப்பாக இருக்கிறது என்பவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை. அந்தச் சலிப்பும் தேவையானது என்றுதான் சொல்கிறேன்.

நிறத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே! நான்கு மைகளை மட்டும் புள்ளிகளாக ஒற்றிய அந்த ஞாயிற்றுப் பக்கங்களில் கடல் நீலமாக இருந்தது, மேலாடை சிவப்பாக இருந்தது, இரவிலும் ஆளை ஆள் அடையாளம் தெரிந்தது. இன்றைய வீரயுகப் படங்களில் பெரும்பாலானவை சாம்பலைக் கரைத்துப் பூசியதுபோல் இருக்கின்றன. 2022இல் வந்த ‘தி நார்த்மேன்’ விதிவிலக்கு. அதன் இரவுக் காட்சிகள் ஏறக்குறைய நிறமற்றவை என்றாலும், நிலவொளியில் கண் எதைக் காணுமோ அதைக் காட்ட வேண்டும் என்ற முடிவோடு செய்யப்பட்டவை. மற்றவர்கள் சேற்றையே வரலாறு என்று நினைத்துக்கொண்டார்கள்.

அந்த நிறங்களும் நமக்கு மயிரிழையில்தான் தப்பிக் கிடைத்தன. நூலகங்கள் பழைய செய்தித்தாள்களைக் கருப்பு வெள்ளை மைக்ரோஃபிலிமில் படியெடுத்துவிட்டு மூலத்தைக் கழித்துக்கட்டிய காலத்தில், பில் பிளாக்பியர்ட் என்ற தனிமனிதர் கிடைத்ததையெல்லாம் தம் வீட்டில் சேர்த்தார். 1998இல் அது ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போனபோது அதன் எடை சுமார் 75 டன்.

பழந்தாள்

மூவருக்கும் நன்றி. அரங்கிருட்டு அவர்கள் சொன்ன காலம், நீலமை அவர்கள் அதைத் திருத்திய விதம் இரண்டும் என் எரிச்சலை ஓரளவு விளக்குகின்றன. ஆனாலும் ஒரு முடிச்சு அவிழவில்லை. 1954இல் ஹென்றி ஹாதவே இத்தொடரையே அகலத்திரையில், பளீரென்ற வண்ணத்தில், உண்மையான கோட்டைகளையும் காட்டிப் படமாக்கினார். நிறம் இருந்தது, பொருள்களும் இருந்தன. இருந்தும் ராபர்ட் வாக்னரின் பொய்முடியைத் தவிர அதில் எதுவும் நினைவில் நிற்கவில்லையே, ஏன்?

மறுமொழி 4: வளைகோடு

தொடரின் தலைமுடியை எடுத்துக்கொண்டு அதன் வளர்ச்சியை விட்டுவிட்டதால் என்றே நினைக்கிறேன். சித்திரத்தொடரிலிருந்து திரைக்கு நன்றாகப் போய்ச் சேர்ந்தவை பெரும்பாலும் நேரடியாகப் போனவை அல்ல. அலெக்ஸ் ரேமண்டின் ‘ஃபிளாஷ் கார்டன்’ கதையைப் படமாக்கும் உரிமையை ஜார்ஜ் லூகாஸ் கேட்டார்; கிடைக்கவில்லை. அதனால் சொந்தமாக எழுதினார். 1977இல் வந்த அந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தின் தொடக்கத்தில் மேலேறிப் போகும் எழுத்துகள் மட்டும் பழைய வாரத்தொடர்ப் படங்களின் ‘முன்கதைச் சுருக்கம்’ பாணியிலேயே இருந்துவிட்டன. உரிமை கிடைத்திருந்தால் அவரும் பொய்முடி தேடிக் கடை கடையாக அலைந்திருப்பார் என்பது என் ஊகம்.

மறுமொழி 5: அரங்கிருட்டு

பழந்தாள் அவர்களின் முதல் கேள்விக்கு ஃபாஸ்டரே ஒரு சோதனை செய்து பார்த்திருக்கிறார் என்பதையும் சேர்க்க விரும்புகிறேன். போர்க்காலத் தாள் தட்டுப்பாட்டால், 1944, 1945ஆம் ஆண்டுகளில் வேலியண்ட் பக்கத்தின் அடிப்பகுதியில் ‘தி மெடீவல் காசில்’ என்ற சிறுதொடரை அவர் தனியே வரைந்தார். இடமில்லாத செய்தித்தாள்கள் அதை மட்டும் வெட்டிவிடலாம் என்பது ஏற்பாடு. முதல் சிலுவைப்போர்க் காலத்துக் கோட்டையில் அன்றாட வாழ்க்கை எப்படி இருந்தது என்பதே அதன் பொருள். அரக்கர் இல்லை, மந்திர வாள் இல்லை, ஒரே நூற்றாண்டுக்குள் அடக்கமாக நடக்கும் கதை. அதே கை, அதே மை, அதே ஞாயிறு. அதைப் படித்துவிட்டு வந்து, மேலே இருக்கும் கதையை விட்டு அதன் பக்கம் உங்கள் கண் எத்தனை முறை இறங்கியது என்று சொல்லுங்கள்; பிறகு சுறாக்களைப் பற்றி மறுபடியும் பேசலாம்.