புதுப்பிப்பு: பெர்மலாய் படலச் சிக்கல் தீர்ந்தது

80% நிக்கல், 20% இரும்பு உள்ள பெர்மலாய் படலத்தை ஸ்பட்டரிங்கில் (ஆர்கான் வாயு அயனிகள் உலோகத்தில் மோதித் தெறிக்கவைக்கும் அணுக்களைப் படியவைக்கும் முறை) வளர்த்தால் காந்த நீக்குத்திறன் (காந்தமாக்கலை நீக்கத் தேவைப்படும் எதிர்ப்புலம்) ஏன் இவ்வளவு அதிகமாக வருகிறது என்று போன மாதம் கேட்டிருந்தேன். காரணம் தெரிந்துவிட்டது: படலம் வளரும் வெற்றிட அறையில் மிச்சமிருந்த நீராவி.

அறையின் அழுத்தம் 10⁻⁶ டாருக்கு (டார் என்பது அழுத்த அலகு; காற்றழுத்தம் 760 டார்) வந்ததுமே வளர்ப்பைத் தொடங்கிவிடுவேன். அந்த அழுத்தத்தில், மோதும் மூலக்கூறெல்லாம் ஒட்டிக்கொண்டால், ஏறக்குறைய ஒரே நொடியில் பரப்பின்மேல் ஓர் அடுக்கு சேர்ந்துவிடும். படலம் சீராக வரட்டும் என்று நான் வளர்ப்பு வேகத்தையும் குறைத்திருந்தேன். நீராவியிலிருந்த ஆக்சிஜன் படலத்துக்குள் கலக்க அதுவே நேரம் கொடுத்துவிட்டது.

இப்போது இரவு முழுக்க அறையைச் சூடேற்றி 10⁻⁸ டாருக்கு இறக்குகிறேன். அதே அடுக்கு சேர இனி 100 நொடி ஆகும். பெரும்பகுதி முன்னேற்றம் இதிலேயே வந்துவிட்டது. அப்புறம் அடியில் 5 நானோமீட்டர் டான்டலம் போட்டேன். அதன்மேல் பெர்மலாய் படிகங்கள் 111 என்று குறிக்கப்படும் படிகத் திசையில் ஒழுங்காக அடுக்கிக்கொள்கின்றன. ஹிஸ்டெரிசிஸ் வளையம் (காந்தப்புலத்தை ஏற்றி இறக்கும்போது காந்தமாக்கல் மாறுவதைக் காட்டும் வரைபடம்; அதன் அகலம் நீக்குத்திறனைக் காட்டும்) ஒடுங்கியதைப் பார்த்தபோது மனம் நிறைந்துபோனது.

ஆர்கான் அழுத்தத்தைக் குறைக்கச் சொன்னவருக்கு: நல்ல யோசனை, அடர்த்தியான படலம் கிடைக்கும். அடுத்த சுற்றில் அதை மட்டும் தனியாக மாற்றிப் பார்க்கிறேன்.