காசு வாங்கியதை எந்த வார்த்தையில் சொல்வது?

வணக்கம். பாளையங்கோட்டையிலிருந்து சாப்பாட்டு வீடியோ போடுகிறேன். ஒரு அல்வாக் கடைக்காரர் 5,000 ரூபாய் தருவாராம், ஆனால் விளம்பரம் என்று சொல்லக்கூடாதாம். எனக்கு மனசு ஒப்பவில்லை. என் பேச்சை நம்பி அம்பாசமுத்திரத்திலிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

மத்திய நுகர்வோர் விவகாரத் துறையின் 2023 ஜனவரி வழிகாட்டுதல்படி, பணம் வாங்கினாலும் சரி, இலவசமாக அல்வா வாங்கினாலும் சரி, வீடியோவுக்குள்ளேயே, அதே மொழியில் சொல்லியாக வேண்டும். கீழே குறிப்பில் மட்டும் போட்டால் போதாது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு முதல்முறை அபராதமே 10 லட்சம் வரை போகலாம்.

'கட்டண விளம்பரம்' என்று போட்டால் நம்ம ஊர் ஆச்சிமாருக்குப் புரியுமா? 'கடைக்காரர் காசு கொடுத்துப் போடச் சொன்னது' என்று நேராகவே சொல்லிவிடலாமா? அப்புறம், அண்ணாச்சி மனம் கோணாமல் இதை எப்படி எடுத்துச் சொல்வது? ஏற்கெனவே இப்படிச் செய்தவர்கள், நீங்கள் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை படம்பிடிக்க வேண்டும்.