தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு லீவு வேண்டும், எப்படிக் கேட்பது?

அக்கா, அண்ணன்மாருக்கு வணக்கம். தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் நான்கு வருடமாகச் சேலை செக்‌ஷனில் வேலை பார்க்கிறேன். தீபாவளிக்கு முந்தைய ஞாயிறுதான் எங்களுக்கு வருடத்திலேயே பெரிய கூட்டம். அதே ஞாயிறு ஊரில் என் தங்கைக்கு வளைகாப்பு. அம்மா இல்லாத வீடு, முதல் வளையலை நான்தான் போட வேண்டும்.

அந்த மாதம் முழுக்க யாருக்கும் லீவு இல்லை என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். போன வருடம் அதே நாளில் காலையில் நின்றவள் இரவு ஹாஸ்டலுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றினால், வார் பதிந்த தடம் காலில் அப்படியே இருந்தது. 2021-ல் வந்த சட்டத்தால் உட்கார ஸ்டூல் போட்டார்கள். ஆனால் அன்றைக்கு அதன்மேலும் பிரித்துப் போட்ட சேலைகள்தான் கிடந்தன.

1947-ஆம் வருடத்துக் கடைகள் சட்டப்படி வாரம் ஒரு முழுநாள் விடுமுறை தர வேண்டும், கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம் என்பது தெரியும். சட்டம் பேசினால் வேலை போய்விடுமோ என்றுதான் பயம்.

பக்கத்து செக்‌ஷன் பெண் எனக்காக நிற்கிறேன் என்கிறாள். பதிலுக்கு அவளுடைய பொங்கல் டூட்டியை நான் பார்ப்பேன். இதை எழுதிக் கொடுக்கலாமா, அல்லது நேரில் பேசுவது நல்லதா? அப்புறம், சூப்பர்வைசரைத் தாண்டி மேனேஜரிடம் போனால் தப்பாகிவிடுமா? இப்படி லீவு வாங்கியவர்கள் என்ன சொல்லிக் கேட்டீர்கள் என்று எழுதுங்கள். பஸ் டிக்கெட் இந்த வாரமே போட வேண்டும்.