மெனியர் நோய்: அம்மாவுக்கு அறுவைச் சிகிச்சை செய்யலாமா?

கேள்வி:
அம்மாவுக்கு 58 வயது. இடது காதில் மெனியர் நோய்; உள்காதுக் கோளாறு, தலைச்சுற்றலும் காது மந்தமும் வரும். உப்பைக் குறைத்தாயிற்று, பீட்டாஹிஸ்டின் மாத்திரையும் தவறுவதில்லை; தலைச்சுற்றல் விட்டபாடில்லை. வந்துவிட்டால் கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்தபடி, கண் திறக்கப் பயந்து, வாந்தியெடுத்துக்கொண்டு கிடக்கிறார். அந்தக் காதில் போனை வைத்தால் குரல் கேட்கிறது, பேச்சு புரிவதில்லை. அறுவைச் சிகிச்சையை யோசிக்கச் சொல்கிறார் மருத்துவர். சமநிலை உறுப்பையே எடுத்துவிட்டால் காலமெல்லாம் தள்ளாட மாட்டாரா?

பதில் 1:
அதற்குள் கத்தி எதற்கு? செவிப்பறை வழியாக ஊசி போட்டுப் பார்த்தார்களா? முதலில் ஸ்டீராய்டு. அதற்கும் அடங்காவிட்டால் ஜென்டாமைசின்; அது சமநிலை செல்களை முடக்கிவிடும், செவித்திறனும் குறையலாம். என் கணவருக்கு அதோடு நின்றது.

பதில் 2:
லாபிரிந்தெக்டமி, அதாவது உள்காதின் சமநிலை உறுப்பை எடுத்துவிடும் அறுவை, செய்துகொண்டவள் நான். நேரத்துக்கு ஒரு பொய்ச் செய்தி அனுப்பும் காதோடு மூளையால் குடித்தனம் நடத்த முடியாது. அது அடியோடு ஓய்ந்துவிட்டால், மறு காதையும் கண்ணையும் பாதத்தையும் வைத்து மூளை சமாளிக்கப் பழகிக்கொள்கிறது. முதல் சில நாள்கள் கொடுமைதான். பிறகு பயிற்சி: சுவரில் ஒட்டிய ஓர் எழுத்தின்மேல் பார்வையை நிறுத்தித் தலையை மட்டும் இருபுறமும் திருப்ப வேண்டும். குமட்டும்; விடக்கூடாது. இருட்டில் மேடுபள்ளத்தில் நடந்தால் இன்றும் கை பிடிமானம் தேடுகிறது. அந்தச் சுழற்சி மட்டும் திரும்பவே இல்லை.

ஆனால் அந்தக் காது முற்றிலும் செவிடாகிவிடும். எனக்கு ஏற்கெனவே உதவாத காது. நன்றாகக் கேட்கும் காது என்றால் சமநிலை நரம்பை மட்டும் வெட்டுவார்கள். செவித்திறன் பெரும்பாலும் தப்பும், மண்டையோட்டைத் திறக்க வேண்டியிருக்கும். உள்காதின் நிணநீர்ப் பையில் செய்யும் அறுவை இவற்றைவிட எளியது. எனினும் 1981-இல் வெளிவந்த டென்மார்க் ஆய்வில், பைக்கு வடிகால் வைத்தவர்களும் காதுக்குப் பின்னுள்ள எலும்பை மட்டும் குடைந்துகொண்டவர்களும் ஏறக்குறைய ஒரேபோல் தேறினார்கள். பை அறுவை உண்மையில் பலன் தருகிறதா என்ற சர்ச்சை இன்னும் ஓயவில்லை.

வலது காது எப்படி இருக்கிறது? சிலருக்கு இந்நோய் நாளடைவில் மறு காதுக்கும் வருகிறது. அதன் செவித்திறனையும் சமநிலையையும் சோதிக்காமல் இடதை அழிக்கச் சம்மதிக்காதீர்கள். ஜென்டாமைசினுக்கும் இதே கேள்விதான்.

கேள்வி கேட்டவர்:
நன்றி அக்கா. ஸ்டீராய்டு ஊசி பலிக்கவில்லை. ஜென்டாமைசின் பேச்சே வரவில்லை, வலது காதுக்குச் சமநிலைச் சோதனையும் செய்யவில்லை. இரண்டையும் கேட்கிறேன்.

பதில் 2:
கேளுங்கள். சோதனையில் காதுக்குள் குளிர்ந்த நீரும் வெதுவெதுப்பான நீரும் விட்டுக் கண் அசைவைப் பார்ப்பார்கள். சற்று நேரம் தலை சுற்றும். அம்மாவிடம் முன்பே சொல்லி வையுங்கள், நோய்தான் வந்துவிட்டதென்று பயந்துபோவார்.