ஒருவயிற்றுத் தம்பி: பந்தயக் குதிரைக் கொடிவழிக்கு ஒரு சொல்

அன்புள்ள குழுவினருக்கு,

ஃபிராங்கல் என்ற பந்தயக் குதிரையைப் பற்றிய கட்டுரைக்காகத் தொடங்கிய இந்த இழையில் வந்த மடல்களை எல்லாம் சேர்த்து வைத்துப் படித்தேன். இனப்பெருக்கத்துக்கு விடும் ஆண் குதிரைக்குப் பொலிகுதிரை என்ற சொல்லில் எல்லாருக்கும் உடன்பாடு இருக்கிறது, அதை இனிக் கிளற வேண்டாம். பொலிகாளை, பொலிகடா என்று ஊரில் புழங்குகிற சொற்களுக்குப் பக்கத்தில் அது இயல்பாகப் போய் நின்றுகொள்கிறது. சிக்கல் எல்லாம் ‘ஹாஃப் பிரதர்’ என்ற உறவுச்சொல்லில்தான். அரைச்சகோதரன், பாதிச்சகோதரன், மாற்றாந்தாய் மகன், ஒன்றுவிட்ட சகோதரன் என்று நான்கு பரிந்துரைகள் வந்துள்ளன. நான்குமே இங்கே பொருந்தாது என்பது என் உறுதியான கருத்து. ‘ஒருவயிற்று’ என்ற அடையை முன்மொழிகிறேன். ஒருவயிற்று அண்ணன், ஒருவயிற்றுத் தம்பி, ஒருவயிற்றுத் தங்கை என்று எழுதலாம்.

ஏன் என்று சொல்கிறேன். குதிரைப் பந்தய உலகில் இந்த உறவுக்கு ஒரு கண்டிப்பான வரையறை உண்டு. தாய் ஒன்றாக இருந்து தந்தை வேறாக இருந்தால் மட்டும்தான் அந்தப் பெயர். தந்தை ஒன்று, தாய் வேறு என்றால் அந்த இரண்டு குதிரைகளுக்கும் நடுவே எந்த உறவும் சொல்வதில்லை, இரண்டும் இன்ன பொலிகுதிரையின் பிள்ளைகள், அவ்வளவுதான். காரணம் கணக்கில் இருக்கிறது. பெட்டைக் குதிரை ஏறத்தாழ 11 மாதம் சுமந்து ஆண்டுக்கு ஒரு குட்டிதான் போடும். பேர்பெற்ற பொலிகுதிரையோ ஒரே பருவத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட பெட்டைகளோடு சேரும். தந்தையை வைத்து அண்ணன் தம்பி கணக்குப் பார்த்தால் ஒவ்வொரு குதிரைக்கும் ஆயிரக்கணக்கில் உடன்பிறப்புகள் வந்துவிடும், அப்புறம் அந்த உறவைச் சொல்லி யாருக்கும் பயன் இல்லை. தாய் வழியில் பார்த்தால் ஏழெட்டுப் பேர் தேறுவார்கள். அந்த ஏழெட்டில் ஒன்று பெரிய பந்தயத்தை வென்றால் மற்றவற்றின் விலையே மாறிவிடும், அதனால்தான் ஏல அட்டவணையில் தாயின் பிள்ளைகளை இத்தனை கவனமாக வரிசைப்படுத்துகிறார்கள்.

இப்போது பரிந்துரைகளைப் பாருங்கள். ‘மாற்றாந்தாய் மகன்’ என்றால் தந்தை ஒன்று, தாய் வேறு. நமக்கு வேண்டியதற்கு நேர் எதிர்! ‘ஒன்றுவிட்ட’ என்பது சித்தப்பா பெரியப்பா பிள்ளைகளைச் சொல்வது, அதை இங்கே இழுத்தால் குழப்பம் இரட்டிக்கும். அரை, பாதி இரண்டும் ஆங்கிலச் சொல்லின் நிழல்கள். எந்தப் பாதி என்ற முக்கியமான செய்தியை அவை சொல்வதே இல்லை. கட்டுரையைப் படிப்பவர் தந்தை வழி உறவையும் சேர்த்துத்தான் புரிந்துகொள்வார், அந்தப் புரிதல் தவறு.

நம் கதை மரபில் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு இருக்கிறது. ராமனுக்கும் பரதனுக்கும் தந்தை ஒருவர், தாய் வேறு. கர்ணனுக்கும் தருமனுக்கும் தாய் ஒருத்தி, தந்தை வேறு. பந்தயக்காரர்களின் கணக்கில் கர்ணனும் தருமனும் மட்டும்தான் இந்த உறவுக்குள் வருவார்கள். அவர்களை நாம் எப்படிச் சொல்கிறோம்? குந்தி வயிற்றில் பிறந்தவர்கள் என்கிறோம். தசரதனுக்குக் கோசலை வயிற்றில் பிறந்தவன் ராமன் என்று கதை சொல்லும் யாரும் சொல்வார்கள். இன்ன பொலிகுதிரைக்கு இன்ன பெட்டை வயிற்றில் பிறந்தது என்று பந்தயக் கொடிவழியில் எழுதும் முறைக்கும் இந்த வாக்கியத்துக்கும் நூலிழை வேறுபாடுகூட இல்லை. தந்தைக்கு நான்காம் வேற்றுமை, தாய்க்கு ‘வயிற்றில்’. வாக்கிய அமைப்பே நம்மிடம் இருக்கும்போது அதிலிருந்து ஒரு அடையை எடுத்துக்கொள்வதுதான் முறை.

ஃபிராங்கலின் குடும்பத்தையே வைத்துச் சோதித்துப் பார்ப்போம், ஏனென்றால் இந்தச் சொல்லுக்கு இதைவிடக் கடுமையான தேர்வு கிடைக்காது. ஃபிராங்கல் கலிலியோ என்ற பொலிகுதிரைக்குக் கைண்ட் என்ற பெட்டை வயிற்றில் 2008-இல் பிறந்தது. அதே கைண்டுக்கு ஓராண்டு முன்னால் பிறந்த பிள்ளை புல்லட் டிரெயின், அதன் தந்தை சாட்லர்ஸ் வெல்ஸ். ஆகவே புல்லட் டிரெயின் ஃபிராங்கலுக்கு ஒருவயிற்று அண்ணன். ஆனால் சாட்லர்ஸ் வெல்ஸ்தான் கலிலியோவின் தந்தையும்கூட. தந்தை வழியாக எண்ணினால் இதே புல்லட் டிரெயின் ஃபிராங்கலுக்குச் சித்தப்பா ஆகிவிடும்! பந்தய வழக்கு அந்த உறவைக் கணக்கில் எடுப்பதில்லை, அண்ணன் என்று மட்டும்தான் சொல்லும். ‘அரைச்சகோதரன்’ என்று எழுதினால் இந்த நுட்பம் முழுக்கப் போய்விடும், ‘ஒருவயிற்று அண்ணன்’ என்றால் எந்த வழியாக அண்ணன் என்பது சொல்லிலேயே நிற்கும். இந்த அண்ணன் பிற்காலத்தில் தம்பி ஓடிய பந்தயங்களில் முன்னால் ஓடி வேகத்தை அமைத்துக் கொடுத்தது. அந்த வேலை செய்யும் குதிரைக்கு முன்னோட்டக் குதிரை என்று எழுதலாம் என நினைக்கிறேன், மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

அடுத்தது பவர்ஸ்கோர்ட். 2005-இல் அமெரிக்காவில் ஆர்லிங்டன் மில்லியன் பந்தயத்தை வென்ற குதிரை. அதன் தாய் ரெயின்போ லேக், கைண்டின் தாயும் அதுவே. ஆகவே பவர்ஸ்கோர்ட் கைண்டுக்கு ஒருவயிற்று அண்ணன், ஃபிராங்கலுக்குத் தாய்மாமன். அதன் தந்தையும் சாட்லர்ஸ் வெல்ஸ்தான், ஆனால் மறுபடியும் அந்த வழி கணக்கில் வராது. ஆங்கிலத்தில் மாமனையும் சித்தப்பாவையும் ஒரே சொல்லால் சொல்லிவிட்டுப் பின்னால் விளக்கம் எழுத வேண்டியிருக்கிறது. நமக்குத் ‘தாய்மாமன்’ என்ற ஒரே சொல்லில் வேலை முடிந்துவிடுகிறது. பந்தயக் கொடிவழி எழுதுவதற்கு ஆங்கிலத்தைவிடத் தமிழ் வாகான மொழி என்று நான் மனதார நம்புகிறேன், நம்முடைய உறவுமுறைச் சொற்கள் அத்தனை துல்லியமானவை.

எதிர்ப்பக்கத்துக்கு, அதாவது தந்தை மட்டும் ஒன்றாக இருப்பதற்கு, நத்தானியல் என்ற குதிரை. 2010 ஆகஸ்ட் 13 அன்று நியூமார்க்கெட்டில் ஃபிராங்கல் ஓடிய முதல் பந்தயத்தில் அரைக் குதிரை நீளத்தில் இரண்டாவதாக வந்தது. அதுவும் கலிலியோவின் மகன்தான். அடுத்த ஆண்டே கிங் ஜார்ஜ் பந்தயத்தை வென்றது, பிறகு எனேபிள் என்ற மாபெரும் பெட்டைக்குத் தந்தையானது. தந்தை ஒன்றே ஆனாலும் ஃபிராங்கலையும் நத்தானியலையும் சகோதரர்கள் என்று பந்தயக்காரர் யாரும் சொல்ல மாட்டார். நம் கட்டுரையில் அப்படி ஒரு வரி வந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

‘ஒருவயிற்று’ என்றால் உடன்பிறந்தவர்கள் என்றுதானே வாசகர் நினைப்பார், தந்தையும் ஒன்று என்று எடுத்துக்கொள்ள மாட்டாரா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தாயும் தந்தையும் ஒன்றாக இருந்தால் ‘உடன்பிறந்த’ என்றே எழுதிவிடலாம், அதற்குப் புதுச்சொல் எதுவும் வேண்டாம். கூடப்பிறந்த தம்பி என்று நாம் அழுத்திச் சொல்வதே அதைத்தான். 2009-இல் அதே கலிலியோவுக்கு அதே கைண்ட் வயிற்றில் பிறந்த நோபிள் மிஷன், ஃபிராங்கலின் உடன்பிறந்த தம்பி. அண்ணன் 2012-இல் தன் கடைசிப் பந்தயமாக ஓடி வென்ற ஆஸ்கட் சாம்பியன் ஸ்டேக்ஸை 2014-இல் தம்பியும் வென்றது. ஒயேசிஸ் டிரீம் என்ற பொலிகுதிரைக்குக் கைண்ட் வயிற்றில் பிறந்த ஜுவாயஸ் ஒருவயிற்றுத் தங்கை. இரண்டு சொற்களையும் பக்கத்தில் பக்கத்தில் ஆண்டால் வாசகருக்கு ஒரே பத்தியில் பிடிபட்டுவிடும்.

வயிறு என்பது கலைச்சொல்லுக்குக் கொச்சையாக இருக்கிறது, ‘ஒருகருப்பை’ எனலாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். கருப்பை என்றதும் மருத்துவமனை வாடை வந்துவிடுகிறது. வயிற்றில் பிறந்தவன் என்பது எழுத்துக்கும் பேச்சுக்கும் பொதுவான வழக்கு, அதில் கொச்சை எதுவும் இல்லை.

இன்னொரு ஐயம் யாரும் எழுப்பவில்லை, நானே எழுப்பிவிடுகிறேன். வாடகைத் தாய் முறையில் பிறக்கும் விலங்குகளுக்கு இந்தச் சொல் தவறாகிவிடாதா? ஆகும். அர்ஜென்டினாவில் போலோ குதிரைகளைக் கரு மாற்று முறையில் பெருக்குகிறார்கள், அங்கே சுமந்த வயிறு வேறு, தாய் வேறு. ஆனால் நாம் பேசும் பந்தயக் குதிரை இனமான தரோபிரெட் குதிரைகளில் செயற்கைக் கருவூட்டலும் கரு மாற்றமும் விதிப்படி தடை செய்யப்பட்டவை. இயற்கையாகச் சேர்ந்து, பெற்ற தாயே சுமந்து ஈன்ற குட்டியைத்தான் பதிவேட்டில் சேர்ப்பார்கள். ஆகவே இந்தத் துறைக்குள் வயிறு என்றால் தாய்தான், ஐயத்துக்கே இடமில்லை. மற்ற விலங்குகளுக்கு எழுதும்போது ‘ஒருதாய்’ என்று மாற்றிக்கொள்ளலாம்.

மற்ற சொற்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தரோபிரெட் என்பதைத் ‘தூயகுருதிக் குதிரை’ என்று மாற்றுவதை நான் ஏற்கவில்லை. அந்த இனமே கலப்பில் பிறந்தது. பயர்லி டர்க், டார்லி அரேபியன், கொடால்ஃபின் அரேபியன் என்று கிழக்கிலிருந்து போன மூன்று பொலிகுதிரைகளும் இங்கிலாந்தில் இருந்த பெட்டைகளும் சேர்ந்து உருவான வழி அது. 1791-இல் முதல் பொதுப் பதிவேடு அச்சான பிறகு கதவு மெல்ல மெல்ல மூடியது. காங்கேயம் என்பதுபோல அதையும் இனப்பெயராக எடுத்துக்கொண்டு தரோபிரெட் என்றே எழுதுவோம்.

பெட்டை என்ற சொல் சரியா என்று தயங்கியவர்களுக்கு: ஒட்டகம், குதிரை, கழுதை இவற்றின் பெண்ணுக்குப் பெட்டை என்ற பெயரைத் தொல்காப்பியம் மரபியலே தருகிறது. அதே மரபியல் ஆண் குதிரையைச் சேவல் எனலாம் என்றும், குட்டியை மறி எனலாம் என்றும் சொல்கிறது. அழகான வழக்குகள்தான், ஆனால் இன்றைய வாசகருக்குச் சேவல் என்றால் கோழி, மறி என்றால் ஆடு. அவற்றை விட்டுவிட்டுப் பொலிகுதிரை, குட்டி என்றே இருப்போம். தாயின் தந்தைக்குத் தாய்வழிப் பாட்டன் போதும். பர்லாங் ஏற்கனவே நம் ஊர்ச் சொல் ஆகிவிட்டது.

பெட்டை வழியாகத் தொடரும் குடும்பத்துக்கு மட்டும் ஒரு தனிச்சொல் வேண்டும். ஆஸ்திரேலியரான புரூஸ் லோ 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தரோபிரெட் பெட்டைகளைத் தாய், தாயின் தாய் என்று பின்னோக்கிப் போய்க் குடும்பம் குடும்பமாகப் பிரித்து எண் கொடுத்தார், அந்த எண்கள் இன்றும் புழங்குகின்றன. இதற்குக் ‘கிளை’ என்பதைப் பரிந்துரைக்கிறேன். தென்மாவட்டங்களில் தாய் வழியாக வரும் பிரிவைக் கிளை என்று சொல்லும் வழக்கம் உண்டு, பொருள் அப்படியே பொருந்துகிறது. ஃபிராங்கல் முதலாம் கிளையைச் சேர்ந்தது என்று எழுதலாம்.

எல்லாவற்றையும் போட்டு ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன். கட்டுரையின் தொடக்கத்துக்கு இது ஆகுமா என்று பாருங்கள்:

“ஃபிராங்கல், 2008 பிப்ரவரி 11 அன்று கலிலியோவுக்குக் கைண்ட் வயிற்றில் பிறந்த தரோபிரெட் பொலிகுதிரை. தாய்வழிப் பாட்டன் டேன்ஹில். தந்தை வழியில் மூன்றாம் தலைமுறையிலும் தாய் வழியில் நான்காம் தலைமுறையிலும் நார்தர்ன் டான்சர் வருவதால் அதன் மேல் 3×4 உள்ளினச் சேர்க்கை உடையது. உரிமையாளர் இளவரசர் காலித் அப்துல்லா, பயிற்சியாளர் ஹென்றி செசில், எல்லாப் பந்தயங்களிலும் ஓட்டியவர் டாம் குவீலி. ஓடிய 14 பந்தயங்களிலும் வென்றது, அவற்றில் 10 முதல்தரப் பந்தயங்கள். 2011 ஏப்ரல் 30 அன்று நியூமார்க்கெட்டில் எட்டு பர்லாங் தூரமுள்ள 2000 கினீஸ் பந்தயத்தில் தொடக்கத்திலேயே மற்ற குதிரைகளை வெகுதூரம் பின்னால் விட்டுவிட்டு, கடைசியில் ஆறு குதிரை நீளத்தில் வென்றது. 2012-இல் குவீன் ஆன் ஸ்டேக்ஸை 11 நீளத்தில் வென்றது. அதே ஆண்டு ஆகஸ்டில் யார்க்கில் முதல் முறையாகப் பத்து பர்லாங்குக்கு மேல் ஓடி ஏழு நீளத்தில் வென்றது. பந்தயக் குதிரைகளை மதிப்பிடும் டைம்ஃபார்ம் நிறுவனம் அதற்குக் கொடுத்த 147 என்ற மதிப்பீடு, சமதளப் பந்தயக் குதிரைகளுக்கு அந்நிறுவனம் கொடுத்தவற்றிலேயே உச்சம். ஒருவயிற்று அண்ணன் புல்லட் டிரெயின், உடன்பிறந்த தம்பி நோபிள் மிஷன். 2021-இல் பிரிட்டன், அயர்லாந்தின் முதன்மைப் பொலிகுதிரையானது.”

யார்க் பந்தயத்தைப் பற்றி இரண்டு வரி கூடுதலாக எழுத ஆசை. புற்றுநோயால் உடல் மெலிந்து குரலும் தேய்ந்துபோயிருந்த செசில் அன்று பந்தயத் திடலுக்கு நேரில் வந்திருந்தார், அடுத்த ஆண்டு ஜூனில் காலமானார். சொல் விவாதத்துக்குத் தேவையில்லாத செய்திதான், ஆனால் ஃபிராங்கல் கட்டுரையில் அது இல்லாமல் இருக்கக் கூடாது.

உள்ளினச் சேர்க்கையில் எனக்கே முழு நிறைவு இல்லை. கால்நடைப் பாடநூல்களில் அதுதான் இருக்கிறது, அதனால் வைத்திருக்கிறேன். ஒரே மூதாதை இரண்டு வழியிலும் திரும்ப வருவது என்ற பொருள் தெரிகிற மாதிரி யாரிடமாவது நல்ல சொல் இருந்தால் எழுதுங்கள். டேன்ஹில்லுக்கு இது கட்டாயம் தேவைப்படும், நார்தர்ன் டான்சரின் தாயான நடால்மா அதன் கொடிவழியில் இரண்டு பக்கமும் மூன்றாம் தலைமுறையில் நிற்கிறது. ‘ஒருவயிற்று’, ‘கிளை’ இரண்டுக்கும் மறுப்பு உள்ளவர்கள், கட்டுரையைத் தொகுப்பவர் சொற்பட்டியலை முடிப்பதற்குள் இதே இழையில் தெரிவித்துவிடுங்கள்.

அன்புடன்